சனிக் கோளின் கணினி அசைவூட்டம்

சனிக் கோளின் கணினி அசைவூட்டம் என்பது, சனிக் கோளையும் அதன் வளையங்களையும் கணினியின் துணையுடன் வரைந்து, இயங்கும் படத்தொடராகக் காட்டும் நுட்பமாகும். விண்கலப் பயணங்களை விளக்குவதற்கும், வானியல் கல்வியிலும், திரைப்படங்களிலும் இது பயன்படுகிறது. கோளின் உருண்டையை வரைவது ஒப்பீட்டளவில் எளிது. வளையங்களை வரைவதே கடினமானது. வளையங்கள் திண்மத் தட்டு அல்ல. அவை கோளைத் தனித்தனியே சுற்றிவரும் எண்ணற்ற பனிக்கட்டித் துகள்களின் கூட்டம் ஆகும். எனவே ஒளி விழும் பக்கத்தையும் பார்ப்பவர் இருக்கும் இடத்தையும் பொறுத்து அவற்றின் தோற்றம் பெரிதும் மாறுகிறது.

வரலாறு

1968 ஆம் ஆண்டில் வெளிவந்த "2001: எ ஸ்பேஸ் ஒடிசி" திரைப்படத்தின் கதை முதலில் சனிக் கோளை நோக்கிச் செல்வதாகவே திட்டமிடப்பட்டது. நம்பத்தகுந்த வளையங்களை உருவாக்க இயலாததால் அப்படத்தில் பயண இலக்கு வியாழன் என மாற்றப்பட்டது. ஆர்தர் சி. கிளார்க் எழுதிய புதினத்தில் சனியே இலக்காக உள்ளது. அப்படத்தின் சிறப்புத் தோற்றங்களில் பணியாற்றிய டக்ளஸ் டிரம்புல், 1972 இல் தாம் இயக்கிய "சைலண்ட் ரன்னிங்" படத்தில் சனியின் வளையங்களைக் காட்டினார். இவை கணினியின்றி உருவாக்கப்பட்டவை.

நாசாவின் தாரை உந்துகை ஆய்வகத்தில் பணியாற்றிய ஜேம்ஸ் பிளின், வொயேஜர் விண்கலங்களின் பயணத்தை விளக்கும் கணினி அசைவூட்டங்களை உருவாக்கினார். வொயேஜர் 1 சனியை நவம்பர் 1980 இலும், வொயேஜர் 2 ஆகத்து 1981 இலும் நெருங்கிச் சென்றன. இப்பணியில் எழுந்த வளையச் சிக்கலுக்கான தீர்வை, துகள் மேகங்கள் ஒளியைத் தெறிப்பது பற்றிய ஆய்வுக் கட்டுரையாகப் பிளின் 1982 இல் வெளியிட்டார். ஒளி ஒரு துகளில் ஒருமுறை மட்டும் சிதறுவதாக அவரது முறை எடுத்துக்கொள்கிறது. பலமுறை சிதறலையும் கணக்கில் கொள்ளும் முறையை 1984 இல் ஜேம்ஸ் கஜியா, பிரையன் வான் எர்சன் ஆகியோர் முன்வைத்தனர். மேகம், புகை முதலியவற்றைக் கணினியில் வரையும் பிற்கால முறைகளுக்கு இவ்விரு கட்டுரைகளும் முன்னோடிகளாகும்.

வடிவமும் அளவும்

சனி வேகமாகத் தன்னைத்தானே சுற்றுவதால் துருவங்களில் தட்டையாக உள்ளது. அதன் நிலநடுக்கோட்டு ஆரம் 60,268 கி.மீ.; துருவ ஆரம் 54,364 கி.மீ. ஆகும். இந்த 10 விழுக்காட்டு வேறுபாடு கண்ணுக்குத் தெளிவாகப் புலப்படும் என்பதால், முழுக் கோளமாக வரையப்படும் சனி இயல்பாகத் தோன்றுவதில்லை.

முதன்மை வளையங்கள் உள்ளிருந்து வெளியே சி, பி, ஏ என்னும் வரிசையில் அமைந்துள்ளன. பி, ஏ வளையங்களுக்கு இடையே காசினி இடைவெளி உள்ளது. ஏ வளையத்தின் வெளி விளிம்பு கோளின் மையத்திலிருந்து ஏறத்தாழ 1,36,800 கி.மீ. தொலைவில் உள்ளது. ஆனால் வளையங்களின் தடிப்பு பெரும்பாலான இடங்களில் 10 மீட்டர் அளவே ஆகும். வளையத்தின் முழு அகலமும் 2,000 படப்புள்ளிகளில் அடங்கும் ஒரு படத்தில், ஒரு படப்புள்ளி சுமார் 137 கி.மீ. ஆகிறது. ஆகவே தொலைவிலிருந்து பார்க்கும் காட்சிக்கு, தடிப்பற்ற தட்டையான பரப்பே போதுமானது.

வளையங்கள் பெருமளவு வட்டச் சீர்மை உடையவை. ஆகவே மையத்திலிருந்து வெளி விளிம்பு வரையான ஒரே ஒரு கோட்டின் அடர்த்தித் தரவைக் கொண்டு முழு வளையத்தையும் வரையலாம். 1981 இல் விருச்சிக உடுத்தொகுதியின் டெல்டா விண்மீன் வளையங்களுக்குப் பின்னால் மறைந்து தெரிந்தபோது, அதன் ஒளி குறைந்து கூடியதை வொயேஜர் 2 அளந்தது. இத்தகைய அளவீடுகளே அத்தரவுக்கு அடிப்படை.

ஒளியும் நிழலும்

வளையத்தின் ஒரு படத்தையே இரு பக்கங்களிலும் ஒட்டுவது, அசைவூட்டங்களில் நிகழக்கூடிய முதன்மையான பிழையாகும். சூரிய ஒளி விழும் பக்கத்தில் அடர்த்தியான பி வளையம் மிகப் பிரகாசமாகவும், காசினி இடைவெளி இருண்டும் தெரிகின்றன. மறுபக்கத்திலிருந்து பார்க்கும்போது இது தலைகீழாகிறது. பி வளையம் ஒளியைத் தடுப்பதால் இருண்டு விடுகிறது. துகள்கள் அடர்த்தி குறைந்த சி வளையமும் காசினி இடைவெளியும் ஒளியை ஊடுருவ விட்டு ஒளிர்கின்றன.

ஒளி ஊடுருவும் அளவு சாய்வையும் பொறுத்தது. செங்குத்தாக விழும் ஒளியில் 90 விழுக்காட்டைக் கடத்தும் மெல்லிய வளையம், வளையத் தளத்துக்கு 6 பாகை அளவே சாய்ந்து வரும் ஒளியில் சுமார் 37 விழுக்காட்டை மட்டுமே கடத்தும். சாய்ந்த பாதை ஏறத்தாழ பத்து மடங்கு நீளமானது என்பதே காரணம்.

துகள்களின் பருமனும் முக்கியமானது. முதன்மை வளையங்களில் உள்ள பெரிய துகள்கள் ஒளியைச் சூரியன் இருக்கும் திசைக்கே அதிகம் திருப்புகின்றன. நுண்தூசி நிறைந்த எஃப், ஜி, ஈ வளையங்கள் சூரியன் பின்னால் இருக்கும்போதே நன்கு தெரிகின்றன. 2006 இலும் 2013 இலும் காசினி விண்கலம் சனியின் நிழலில் இருந்து எடுத்த ஒளிப்படங்கள் இதற்குச் சிறந்த சான்றுகள்.

கோளின் நிழல் வளையங்கள் மீதும், வளையங்களின் நிழல் கோளின் மீதும் விழுகின்றன. வளையங்கள் தெறிக்கும் ஒளி, கோளின் இரவுப் பக்கத்தையும் மங்கலாக ஒளியூட்டுகிறது. இதனை விட்டுவிட்டால் இரவுப் பக்கம் முழுக் கருமையாகி, காட்சி செயற்கையாகிவிடும்.

இயக்கம்

வளையங்கள் ஒரே தட்டாகச் சுழல இயலாது என்பதை 1859 இல் ஜேம்ஸ் கிளார்க் மாக்சுவெல் கணிதவழி நிறுவினார். உட்பகுதி வெளிப்பகுதியைவிட வேகமாக இயங்குவதை 1895 இல் ஜேம்ஸ் கீலர் நிறமாலை மூலம் உறுதிப்படுத்தினார். சி வளையத்தின் உள் விளிம்பில் ஒரு துகள் கோளைச் சுற்றிவர ஏறத்தாழ 5.8 மணி நேரமும், ஏ வளையத்தின் வெளி விளிம்பில் 14.3 மணி நேரமும் ஆகின்றன. எனவே வளையப் படத்தைத் தட்டுபோல் சுழற்றுவது தவறாகும். வட்டச் சீர்மையால் தொலைவிலிருந்து இச்சுழற்சி பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதுமில்லை.

உண்மைத்தன்மை

காசினி விண்கலம் 2017 இல் கோளுக்கும் வளையங்களுக்கும் இடையே 22 முறை கடந்து சென்று, செப்டம்பர் 15 அன்று சனியின் வளிமண்டலத்தில் அழிந்தது. எனினும் எந்த விண்கலமும் முதன்மை வளையங்களின் உள்ளே இருந்து படம் எடுத்ததில்லை. பனிப்பாறைகளுக்கு நடுவே பறப்பது போன்ற காட்சிகள் யாவும் அளவீடுகளிலிருந்து ஊகித்து வரையப்பட்டவை. பாறைகள் வேகமாக மோதிச் சிதறுவதாகக் காட்டுவதும் பொருந்தாது; அண்டைத் துகள்கள் ஒன்றையொன்று நெருங்கும் வேகம் வினாடிக்குச் சில மில்லிமீட்டர் அளவே ஆகும்.

இதற்கு மாறாக, 2018 இல் வெளிவந்த "இன் சாட்டர்ன்ஸ் ரிங்ஸ்" ஆவணப்படம், கணினியால் உருவாக்கிய காட்சிகளைத் தவிர்த்து, உண்மையான ஒளிப்படங்களை அடுக்கி அசைவூட்டம் செய்தது. அம்முறையில் விண்கலம் எடுத்த படங்களை மட்டுமே காட்ட இயலும். கணினிக் கணிப்பீட்டில் எந்தக் கோணத்தையும் காட்டலாம். அதனாலேயே கல்விக்கான அசைவூட்டங்களில் அளந்தறிந்த பகுதி எது, ஊகித்து வரைந்த பகுதி எது எனக் குறிப்பிடுவது இன்றியமையாததாகிறது. காட்சி எவ்வளவு இயல்பாக அமைகிறதோ, அதனை ஒளிப்படம் என்றே மாணவர்கள் கருதிவிடும் வாய்ப்பும் அவ்வளவு கூடுகிறது.