புது வண்டியும் ஆழ்வார்குறிச்சிக்காரரின் வளையமும்



என்னிடம் பிளஸ் டூவில் இயற்பியல் படித்த ஒருவர் இப்போது ஜெர்மனியில் வேலை பார்க்கிறார். பல வருடச் சேமிப்பில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியிருக்கிறார். அம்பாசமுத்திரத்தில் இருக்கும் அவருடைய அப்பா, "ஆயிரம் கிலோமீட்டர் வரைக்கும் ஐம்பதைத் தாண்டாதே" என்று போனில் சொல்கிறாராம். கூட வேலை செய்யும் நண்பரோ, "முதல் நாளே நல்லா மிதி, அப்பதான் என்ஜின் திறக்கும்" என்கிறாராம். இதனால் அப்பாவுக்கும் மகனுக்கும் லேசான மனத்தாங்கலே வந்துவிட்டது. "சார், யார் சொல்றது சரி?" என்று கேட்டிருந்தார். ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. இதற்குப் பின்னால் இருநூறு வருடத்துக்கும் மேலான கதை இருக்கிறது. அதில் நம் தாமிரபரணிக் கரைக்கும் ஒரு பங்கு உண்டு. ஆகவே எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

முதலில் உங்கள் ஆச்சி வீட்டு அம்மியை நினைத்துக்கொள்ளுங்கள். புதிதாகக் கொத்திய அம்மியிலோ ஆட்டுரலிலோ உடனே சட்னி அரைக்க மாட்டார்கள். முதலில் தவிடோ பச்சரிசியோ போட்டு அரைத்து, கல்பொடியோடு வருவதை வழித்து வெளியே கொட்டுவார்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தபிறகுதான் சமையலுக்கு எடுப்பார்கள். கொத்தின் கூர்முனைகள் உடைந்து விழ வேண்டும், ஆனால் கொத்துப் பள்ளங்கள் இருக்க வேண்டும். பள்ளமே இல்லாமல் வழுவழுத்துப் போனால் மிளகாய் அரையாது, வழுக்கும். அப்புறம் மறுபடி கொத்த வேண்டியதுதான். புது என்ஜினில் நடப்பதும் இதேதான்.

என்ஜின் என்பது ஒரு குழாயும் அதற்குள் ஏறி இறங்கும் ஒரு பிஸ்டனும். இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் சூட்டில் பெருத்துப் பிடித்துக்கொள்ளும். இடைவெளி இருந்தாலோ அழுத்தம் கசியும். ஜேம்ஸ் வாட் நீராவி என்ஜினோடு போராடியபோது பெரிய தலைவலி இதுதான். அவருடைய சிலிண்டர் சரியான வட்டமாக இல்லை. தக்கை, எண்ணெயில் நனைத்த கந்தல் என்று எதையெதையோ அடைத்துப் பார்த்தார். பீரங்கிக் குழாய் குடையும் இயந்திரத்தை 1774-இல் உருவாக்கிய ஜான் வில்கின்சன், அதே முறையை வளர்த்துச் சிலிண்டர் குடைந்து கொடுத்த பிறகுதான் வாட்டின் என்ஜின் தொழிலுக்கு உகந்ததாயிற்று.

அதற்குப் பிறகும் பிஸ்டனைச் சுற்றிச் சணல் நாரைத்தான் அடைத்துக்கொண்டிருந்தார்கள். 1850களில் ஜான் ராம்ஸ்பாட்டம் என்ற ஆங்கிலேய ரயில் பொறியாளர் ஒரு வழி கண்டார். ஓரிடத்தில் வெட்டுவிட்ட உலோக வளையம். ஸ்பிரிங் போல வெளிப்பக்கம் விரிந்து சிலிண்டர் சுவரை அணைத்துக்கொள்ளும். இன்று உங்கள் பைக்கிலிருந்து கப்பல் வரை இருக்கும் பிஸ்டன் ரிங் அதன் வாரிசுதான்.

இனி நம் ஊருக்கு வருவோம். கடனாநதிக் கரையில் இருக்கிறது ஆழ்வார்குறிச்சி. அந்த ஆறு திருப்புடைமருதூரில் தாமிரபரணியோடு சேர்கிறது. அந்த ஊரில் 1905-இல் பிறந்தவர் எஸ். அனந்தராமகிருஷ்ணன். சென்னையில் 1840-இல் குதிரை வண்டி கட்டும் கம்பெனியாகத் தொடங்கிய சிம்சனில் ஆங்கிலேயர் காலத்திலேயே சேர்ந்து, அதன் தலைமைப் பொறுப்புக்கு உயர்ந்தார். 1938-இல் அமால்கமேஷன்ஸ் குழுமம் உருவானது. சுதந்திரம் கிடைத்து இரண்டு வருடத்தில், 1949-இல், சென்னை செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் தொடங்கப்பட்டது. பிஸ்டன், ரிங், சிலிண்டர் லைனர் எல்லாம் அங்கே உற்பத்தியாயின. டிராக்டர் செய்யும் டாஃபே 1960-இல் வந்தது. 1964-இல் அவர் மறைந்தார். தன் பிள்ளை ஒருவருக்கு அவர் வைத்த பெயர் சிவசைலம். ஆழ்வார்குறிச்சிக்குப் பக்கத்தில் சிவசைலநாதரும் பரமகல்யாணியும் குடியிருக்கும் கோயிலைத் தெரிந்தவர்களுக்கு அந்தப் பெயரின் காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

அதே காலத்து இன்னொரு பெரியவரும் நம் பக்கத்துக்காரர். திருக்குறுங்குடியில் 1877-இல் பிறந்த டி.வி. சுந்தரம் அய்யங்கார். மதுரையை மையமாக வைத்து பஸ், லாரி, உதிரி பாகம் என்று டி.வி.எஸ்ஸை வளர்த்தார். அவர் காலத்துக்குப் பிறகு 1962-இல் அந்தக் குழுமத்தின் பிரேக்ஸ் இந்தியா தொடங்கியது. ஒரு ஊர்க்காரர் என்ஜினுக்கு ரிங் கொடுத்தார், இன்னொரு ஊர்க்காரரின் குடும்பம் வண்டியை நிறுத்தப் பிரேக் கொடுத்தது என்று வகுப்பில் நான் சொன்னது சிலருக்கு ஞாபகம் இருக்கலாம்.

சரி, ரிங் வந்துவிட்டது. "பழக்குதல்" ஏன் வந்தது? சிலிண்டர் சுவரை எவ்வளவு நேர்த்தியாகக் குடைந்தாலும் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளம் இருக்கும். சாணைக்கல்லால் குறுக்கும் நெடுக்குமாக வேண்டுமென்றே கோடுகள் போடுவார்கள். அந்தக் கோட்டில்தான் எண்ணெய் தங்கும். அம்மியின் கொத்து மாதிரி. மேட்டு முனைகளை மட்டும் ரிங் உரசி உரசிச் சமன்படுத்த வேண்டும். அந்த வேலையைத் தொழிற்சாலை முழுதாகச் செய்து முடிக்க முடியாத காலத்தில், மிச்சத்தை வண்டி வாங்கியவரிடம் விட்டுவிட்டார்கள். ரன்னிங் இன் என்பது சடங்கு இல்லை. தொழிற்சாலையின் கடைசி வேலை, ரோட்டில் நடந்தது.

இங்கிலாந்தில் அந்நாளில் புதுக் காரின் பின்கண்ணாடியில் "ரன்னிங் இன், ப்ளீஸ் பாஸ்" என்று எழுதி ஒட்டியிருப்பார்கள். பழகுகிற வண்டி, முந்திப் போங்கள் என்று அர்த்தம். நம் ஊரில் அம்பாசிடரும் புல்லட்டும் வாங்கியவர்கள் முதல் ஆயிரம் கிலோமீட்டரைப் பிள்ளைத்தாய்ச்சியைக் கூட்டிப்போவது மாதிரி ஓட்டினார்கள். பழைய வண்டிக்கு ரீபோர் செய்து புது ரிங் போட்டால் மறுபடியும் முதலிலிருந்து. எங்கள் பக்கத்துப் பட்டறை மேஸ்திரி ஒருவர் சாவியைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுவார்: "மாஞ்சோலை மலைக்கு இப்ப ஏத்தாதீங்க. சும்மா நிக்க வச்சு உறுமவும் விடாதீங்க." இந்த இரண்டாவது வாக்கியத்தைப் பலர் காதில் வாங்கவில்லை. விஷயமே அதில்தான் இருக்கிறது.

ரிங் சுவரை அழுத்துவது அதன் ஸ்பிரிங் விசையால் மட்டுமல்ல. எரிந்த வாயு ரிங்குக்குப் பின்னால் புகுந்து அதை வெளியே தள்ளுகிறது. ரொம்பவும் மெதுவாகவே ஓட்டினால் அந்த அழுத்தம் போதாது. மேடுகள் தேயாமல் நிற்கும். கசிந்த எண்ணெய் சுவரில் கருகி, கண்ணாடி பூசியது போல மினுங்கும். அப்புறம் ரிங் உட்காரவே உட்காராது. வண்டி எண்ணெய் குடிக்கும், நீலப்புகை விடும். வழுவழுத்த அம்மி! மாறாக முதல் நாளே முழு வேகத்தில் மிதித்தால், உரசுகிற முனைகளில் சூடு ஏறி எண்ணெய்ப் படலம் அறுந்து, சுவரில் கீறல் விழும். அப்பா பயப்படுவது இரண்டாவது ஆபத்துக்கு. நண்பர் பயப்படுவது முதல் ஆபத்துக்கு. ஆளுக்குப் பாதி சரி.

ஸ்போர்ட்ஸ் காரில் இது ஏன் இன்னும் முக்கியம்? கொஞ்சம் கணக்குப் போடுவோம். சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டை உங்கள் தாத்தாக்களுக்குத் தெரியும். 948 சிசி என்ஜின். சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களில்கூட ஹெரால்டுகள் ஓடின. அதே ஹெரால்டின் சட்டகத்தை அடிப்படையாக வைத்துத்தான் இங்கிலாந்தில் 1962-இல் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. அவையெல்லாம் இன்றைக்குப் பார்த்தால் சாதுவான என்ஜின்கள். இன்றைய போர்ஷே 911 ஜிடி3 நிமிடத்துக்கு 9000 சுற்று போகும். ஒரு நொடிக்கு 150 சுற்று. பிஸ்டன் ஒரு சுற்றில் 81.5 மில்லிமீட்டர் ஏறி, அதே அளவு இறங்குகிறது. பெருக்கிப் பார்த்தால் நொடிக்குச் சுமார் 24.5 மீட்டர், அதாவது மணிக்கு 88 கிலோமீட்டர். அது சராசரிதான். நொடிக்கு 300 முறை நின்று திரும்புகிறது. நிற்கிற அந்தக் கணத்தில்தான் எண்ணெய்ப் படலம் மெலிகிறது; சிலிண்டரின் மேல்முனையில் தேய்மானம் அதிகமாவதற்கு அதுவே காரணம்.

தொழிற்சாலைகள் இப்போது வெகுதூரம் வந்துவிட்டன. முதலில் முரட்டுக் கல்லால் கோடு போட்டு, பிறகு மென்மையான கல்லால் முனைகளை மட்டும் சீவிவிடுகிறார்கள். முன்பு ஓட்டுநர் ஆயிரம் கிலோமீட்டரில் செய்ததன் பெரும்பகுதியை இயந்திரம் சில நிமிடங்களில் முடித்துவிடுகிறது. இந்தியா பிஸ்டன்ஸ் குடும்பத்திலேயே 1991-இல் ஜப்பானின் நிப்பான் பிஸ்டன் ரிங் தொழில்நுட்பத்தோடு ஐபி ரிங்ஸ் என்ற தனிக் கம்பெனி மறைமலை நகரில் தொடங்கியது. சாதாரணக் காருக்குப் பழக்குதல் பெரும்பாலும் குறைந்துபோனது இப்படித்தான்.

ஆனால் ஸ்போர்ட்ஸ் கார் செய்பவர்கள் அதை விடவில்லை. பிஎம்டபிள்யூவின் எம் வகைக் கார்களுக்கு முதல் 2000 கிலோமீட்டர் முடிந்ததும் எண்ணெய் மாற்றத் தனி சர்வீஸ் உண்டு. அமெரிக்காவின் கார்வெட் சி8-இல் முதல் 500 மைல் வரை கீழ் கியர்களில் என்ஜினின் இழுவிசையைக் கணினியே குறைத்து வைத்திருக்கிறது. என்ஜின் மட்டுமல்ல, கியர் பற்கள், பிரேக், புது டயர் எல்லாமே ஒன்றோடொன்று பழக வேண்டும். ஐம்பதைத் தாண்டாதே என்ற அப்பாவின் குரலை இப்போது கணினி பேசுகிறது!

ஆகவே என் மாணவருக்கும், புது வண்டி எடுக்கும் மற்றவர்களுக்கும்:

உங்கள் வண்டியின் கையேட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதுவே முதல் வார்த்தை. அதை மீறி யார் சொன்னாலும், நான் சொன்னாலும், கேட்க வேண்டாம்.

எண்ணெய் சூடாகும் வரை மிதிக்காதீர்கள். நிற்க வைத்து வெகுநேரம் ஓடவிடவும் வேண்டாம்.

ஒரே வேகத்தில் ஓட்டாதீர்கள். நாகர்கோவில் நான்குவழிச் சாலையில் ஒரே சீராகப் போவதைவிட, பேட்டை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று ஊருக்கு ஊர் கியர் மாற்றிப் போகிற பாபநாசம் ரோடு புது என்ஜினுக்கு நல்லது. ஜெர்மனியிலும் ஊருக்குள் போகிற சாலைகள் இருக்கும்தானே!

வேகத்தைப் படிப்படியாகக் கூட்டி, நடுநடுவே கொஞ்சம் பாரம் கொடுத்து, காலை எடுத்து விடுங்கள். முழு மிதி பிறகு.

முதல் எண்ணெயைச் சொன்ன நேரத்தில் மாற்றுங்கள். தவிட்டோடு வந்த கல்பொடி அது.

கடைசியாக, தம்பி, அப்பாவிடம் போனில் "நீங்க சொன்னதுல பாதி சரிப்பா" என்று சொல்லாதே. "நீங்க சொன்ன மாதிரி பார்த்துத்தான் ஓட்டுறேன்" என்று சொல். அதுவும் உண்மைதான்.

ஹெரால்டு, அம்பாசிடர், புல்லட் பழக்கிய அனுபவம் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இருந்தால் கேட்டு எழுதுங்கள். ரீபோர் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருக்கின்றன. அந்த மேஸ்திரிமார்களுக்குத் தெரிந்ததை எழுதி வைத்தவர்கள் ரொம்பக் குறைவு.

அனைவருக்கும் அன்பும் ஆசியும். வண்டியைப் பார்த்து ஓட்டுங்கள்.