பத்து ரூபாய்க்குக் குறையாத பிராணி

சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் காலை, மழை விட்டும் விடாமலும் இருந்த வேளையில், எங்கள் வீட்டு மாடிப்படியின் அடியில் சாக்கின்மேல் சுருண்டு படுத்திருந்த மணியின் பின்னங்காலில், காலி கேஸ் சிலிண்டர் ஒன்று மேலிருந்து உருண்டு வந்து விழுந்தது. வழக்கமாகத் தோளில் சுமந்து இறக்குகிறவர் அன்று வரவில்லை. அவருக்குப் பதிலாக வந்த இளைஞர், தெருவில் நின்ற வண்டியில் இன்னும் பத்துப் பதினைந்து சிலிண்டர்கள் காத்திருக்க, காலிதானே என்று படிப்படியாக உருட்டிவிட்டார். காலியானாலும் அது பதினைந்து கிலோ இரும்பு. மணி குரைக்கவில்லை, ஒரு முறை வீறிட்டுவிட்டு, தன் காலைத் தானே நக்கிக்கொண்டு, எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தது.

எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. வைத்தியம் பார்த்துவிட்டு, யாரேனும் இதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற எண்ணத்தில் நான் இரண்டு இடங்களுக்குப் போனேன். காவல் நிலையத்தில் மரியாதையாக உட்கார வைத்துக் கேட்ட முதல் கேள்வி, "நாட்டு நாயா, ஜாதி நாயா சார்? என்ன விலை போகும்?" என்பது. சிலிண்டர் விநியோகிக்கும் ஏஜென்சியில் எனக்குக் கிடைத்த பதில், "அந்தப் பையன் எங்க ஸ்டாஃப் இல்லீங்க, காண்ட்ராக்ட்ல வர்றவன்" என்பது. பிராணிக்கு நேர்ந்த தீங்கை அதன் சந்தை விலையால் அளப்பதும், தீங்கு செய்த கைக்குப் பின்னால் நிற்கும் எஜமானன் மெல்ல விலகிக்கொள்வதும் அன்று அந்த இருவர் வாயில் பிறந்த வார்த்தைகள் அல்ல. இந்நாட்டில் அவற்றுக்கு நூற்றைம்பது வருஷத்துக்கு மேற்பட்ட சரித்திரம் உண்டு.

மெக்காலேயின் தலைமையில் 1837-இல் வரையப்பட்டு, 1860-இல் சட்டமாகி, 1862-இல் அமலுக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 428-ஆவது பிரிவு, பத்து ரூபாயோ அதற்கு மேலோ பெறுமானமுள்ள எந்தப் பிராணியையும் கெட்ட எண்ணத்துடன் கொன்றாலும், விஷமிட்டாலும், அங்கஹீனம் செய்தாலும் இரண்டு வருஷம் வரை சிறைத் தண்டனை என்று விதித்தது. அடுத்த பிரிவு யானை, ஒட்டகம், குதிரை, எருமை, காளை, பசு முதலியவற்றை, விலை என்னவாயினும் சரி என்று தனியே எடுத்து வைத்து, ஐந்து வருஷம் என்றது. அந்த வரிசையில் நாய்க்கு இடமில்லை. ஆகவே தன் வீட்டு நாய்க்கு நீதி கேட்டு வந்தவர், அது வாசலைக் காத்தது, குழந்தையோடு வளர்ந்தது என்பதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, முதலில் அது பத்து ரூபாய் பெறும் என்று நியாயஸ்தலத்தில் நிரூபிக்க வேண்டியிருந்தது. தெருவிலிருந்து தூக்கி வந்து வளர்த்த குட்டிக்கு விலைச் சீட்டு ஏது? இந்த அளவுகோலின் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. அந்நாட்டுப் பழைய பொதுச்சட்டம், நாயை மனிதனின் விளையாட்டுக்கும் பொழுதுபோக்குக்குமான ஈனப் பொருளாகக் கருதி, அதை எடுத்துச் செல்வதைத் திருட்டுக் குற்றமாகவே கொள்ளவில்லை. அங்கே நாய்த் திருட்டுக்கென்று தனிச் சட்டங்கள் பின்னால்தான் வந்தன.

நாயை வேறு விதமாக மதித்த தேசங்கள் இருந்தன. நம் ஊரில், திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. ஆநிரைப் பூசலில் பட்ட வீரனோடு அவனுடைய நாயும் அந்தக் கல்லில் இருக்கிறது. அதன் பெயர் கோவிவன் என்றும், கள்ளர் இருவரைக் கடித்துவிட்டுக் காத்து நின்றது என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். எந்த ஜாதி நாய், என்ன விலை என்று அந்தக் கல்லில் இல்லை.

எனினும், நாய்க்குச் செய்த தீங்குக்கு முழுமையான பொறுப்பு விதியை வகுத்தவர்கள் என்று நான் அறிந்தவரையில் பழைய பாரசீகர்களையே சொல்ல வேண்டும். ஜரதுஷ்டிர மதத்தின் வெந்திதாத் என்னும் நூலின் பதின்மூன்றாம் அத்தியாயம், நாய்களை அவை செய்யும் ஊழியத்தால் வகைப்படுத்தி, அடித்துக் கொன்றவனுக்கு மந்தை காக்கும் நாயானால் 800 அடி, வீட்டு நாயானால் 700, வேறு வகைகளுக்கு 600, 500 என்று படிப்படியாகத் தண்டனை சொல்கிறது. அடிகளின் எண்ணிக்கையைவிட என் மனத்தில் தைத்தது அதே அத்தியாயத்தில் வரும் வேறொரு விதி. ஒருவன் வீட்டு நாயின் காதையோ காலையோ வெட்டி அதை ஊழியத்துக்கு உதவாதபடி செய்துவிட்டு, அதன் பின் அந்த நாய் குரல் கொடுக்க இயலாமற்போனதால் திருடன் புகுந்து பொருளைக் கொண்டுபோவானேயாகில், போன பொருளுக்கும் அவனே ஈடு கட்ட வேண்டும், நாயின் காயத்துக்கும் வேண்டுமென்றே செய்த காயமாகவே பதில் சொல்ல வேண்டும். அந்த விதி நாயின் விலையைக் கேட்கவில்லை. அந்த வீட்டில் நாய் எந்த இடத்தில் இருந்தது, அந்த இடம் காலியானதால் என்ன நேர்ந்தது என்று கேட்கிறது.

அந்தப் பாரசீகர்களின் சந்ததியார் குஜராத்தில் குடியேறிப் பின் பம்பாய்க்கு வந்து கப்பல் கட்டியும் வாணிபம் செய்தும் ஓங்கிய பார்சிகள். உண்ணும்முன் நாய்க்கென்று ஒரு கவளம் எடுத்து வைப்பது அவர்கள் வழக்கம். இறந்தவர் உடலை மௌன கோபுரத்துக்கு எடுத்துச் செல்வதற்கு முன், கண்களுக்கு மேல் இரு புள்ளிகள் கொண்டதால் நான்கு கண் நாய் எனப்படும் நாயை அழைத்து வந்து அவ்வுடலைப் பார்க்கச் செய்வதும் அவர்களுடைய சடங்கு. அப்படிப்பட்ட ஜனங்கள் வாழும் நகரத்தில், தெரு நாய்களைக் கொல்வதற்குக் கம்பெனி ஆட்சி 1813-ஆம் ஆண்டிலேயே ஒரு விதி செய்திருந்தது. 1832-ஆம் ஆண்டுக் கோடையில், நாய் கொல்லும் பருவத்தை மாஜிஸ்திரேட்டுகள் நீட்டித்தார்கள். கொல்லும் கான்ஸ்டபிளுக்கு நாய் ஒன்றுக்கு எட்டணா.

இந்த எட்டணாவை வாசகர்கள் சற்று நின்று கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். மாதச் சம்பளம் வாங்குகிறவன் வாசலில் படுத்திருக்கும் நாயைக் கண்டால், இது யாருடையது என்று கதவைத் தட்டிக் கேட்கலாம். தலைக்கு எட்டணா வாங்குகிறவனுக்கு அந்தக் கேள்வி ஒவ்வொன்றும் அரை ரூபாய் நஷ்டம். தெரு நாய்க்கும் வீட்டு நாய்க்கும் உள்ள பேதம் அழிந்ததற்குக் கான்ஸ்டபிளின் கொடூரம் ஒன்றே காரணமென்று சொல்ல நான் துணிய மாட்டேன். அந்தக் கொடூரத்துக்கு அரசாங்கமே கூலி பேசி வைத்திருந்தது.

1832 ஜூன் 6 அன்று கோட்டைப் பகுதியில், இந்த வேலையில் இருந்த கான்ஸ்டபிள்களைப் பார்சிகளும் இந்துக்களும் சேர்ந்த கூட்டம் சூழ்ந்து தாக்கியது. மறுநாள் கடைகள் அடைக்கப்பட்டன. கொலாபாவில் இருந்த பட்டாளத்துக்குப் போக வேண்டிய ரொட்டியும் தண்ணீரும் வழியில் தடுக்கப்பட்டன. பட்டாளம் வந்தது, கலகச் சட்டம் படிக்கப்பட்டது, பலர் பிடிபட்டார்கள், சிலர் தண்டனையும் அடைந்தார்கள். முடிவில் நாய்களைக் கொல்லாமல் நகரத்துக்கு வெளியே கொண்டு விடுவது என்ற சமாதானம் ஏற்பட்டது. இரண்டு வருஷம் கழித்து, 1834-இல், வணிகர்களான ஜாம்ஷெட்ஜி ஜிஜிபாயும் அமிசந்த் ஷாவும் முன்னின்று, நாதியற்ற பிராணிகளுக்குப் புகலிடமாகப் பம்பாய் பிஞ்சராபோலை நிறுவினார்கள். கடையடைத்தவர்கள் சிறை சென்றார்கள். வணிகர்கள் பணம் கொடுத்தார்கள். எட்டணாக் கூலியை நிர்ணயித்தவர்கள் எவரும் எந்தக் கூண்டிலும் ஏறவில்லை.

எஜமானனைக் கூண்டில் ஏற்றிய வழக்கு வேறொரு நகரத்தில் வந்தது. அது நாயைப் பற்றியதன்று, ஒரு குதிரையைப் பற்றியது. கல்கத்தாவில் கார்டன் ரீச்சிலிருந்து பெனின்சுலர் அண்ட் ஓரியண்டல் கப்பல் கம்பெனியின் கோச்சு வண்டியொன்று இரட்டைக் குதிரை பூட்டி நகரத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது. கிதிர்பூரில் அரசாங்கக் கப்பல் பட்டறைக் கூலியாட்கள், நீராவிக் கப்பலின் புகைபோக்கிக்கான பெரிய இரும்புத் துண்டு ஒன்றைச் சுமந்துகொண்டு சாலை நடுவே போனார்கள். வண்டிக்காரன் குரல் கொடுத்தான். முன்னால் சுமந்தவர்கள் ஒரு பக்கம் ஒதுங்க, பின்னால் சுமந்தவர்கள் மறு பக்கம் ஒதுங்க, இரும்பு நடுவிலேயே நின்றது. வண்டி நெருங்கிவிடவே, பயந்துபோன ஆட்கள் அதைப் போட்டுவிட்டு ஓடினார்கள். அந்த ஓசையில் மிரண்ட குதிரைகள் பாய்ந்து இரும்பின்மேலேயே விழுந்து, ஒன்று காயமுற்றது. கேட்கப்பட்ட நஷ்டஈடு 350 ரூபாய்.

சுமை தூக்கியவர்களிடம் எவரும் 350 ரூபாய் கேட்கவில்லை. அவர்களிடம் இருந்திருக்கவும் முடியாது. பிரதிவாதியாக நிறுத்தப்பட்டவர், இங்கிலாந்தின் இந்திய மந்திரி. அரசர் தவறு செய்யமாட்டார் ஆதலால் அரசர்மீது வழக்கில்லை என்பது அவர் தரப்பு வாதம். 1861-இல் தலைமை நீதிபதி சர் பார்ன்ஸ் பீகாக் இதை ஏற்கவில்லை: பட்டறை நடத்துவது தனி மனிதன் எவனும் செய்யக்கூடிய தொழில், அதைச் செய்யும் ஊழியர்களின் கவனக்குறைவுக்கு, வேறெந்த எஜமானனையும்போல் அரசாங்கமும் பொறுப்பு என்று தீர்ப்பளித்தார். இந்தியச் சட்டத்தில் அரசாங்கத்தின் பொறுப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் அந்தக் குதிரையிலிருந்தே ஆரம்பிக்கிறார்கள். ஆனால் அதே தீர்ப்பு, ஆளும் அதிகாரத்தால் செய்யப்படும் காரியங்களை விலக்கிவைத்தது. அந்தக் கோட்டின்படி பார்த்தால், கிதிர்பூர்க் கூலியின் எஜமானன் பதில் சொல்ல வேண்டும். பம்பாயில் எட்டணாவுக்கு நாயடித்த கான்ஸ்டபிளின் எஜமானன் பெரும்பாலும் தப்பியிருப்பான்.

பத்து ரூபாய்க் கணக்கு மட்டும் மாறாமல் நின்றது. சென்னையில் கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல், 1952-இல் ராஜ்ய சபைக்கு நியமனம் பெற்று, அடுத்த ஆண்டே பிராணிகள் வதைத் தடுப்புக்கென ஒரு தனி மசோதாவைக் கொண்டுவந்தார்; அரசாங்கமே சட்டம் செய்யும் என்று பிரதமர் நேரு வாக்களித்ததன்பேரில் அதை விலக்கிக்கொண்டார்; அதன் பலனே 1960-ஆம் வருஷத்துச் சட்டம். அதன்கீழ் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். வதை என்பது உடைமைக்கு வந்த நஷ்டமல்ல, பிராணி படும் வேதனை என்று அந்தச் சட்டம் ஒப்புக்கொண்டது பெரிய காரியம். ஆயினும் முதல் குற்றத்துக்கு அதில் கண்ட அபராதம் பத்து ரூபாய்க்குக் குறையாமல் ஐம்பது ரூபாய் வரை. பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் தேதி அமலான பாரதிய நியாய சங்கிதையின் 325-ஆவது பிரிவுதான், விலைக் கணக்கை அடியோடு நீக்கி, எந்தப் பிராணியானாலும் ஐந்து வருஷம் வரை என்று எழுதியது. நான் காவல் நிலையம் போனபோது இந்தப் பிரிவு நடைமுறைக்கு வந்துவிட்டது. விலை கேட்கும் வழக்கம்தான் இன்னும் எழுந்து போகவில்லை.

அந்தப் பிரிவு எனக்கு உதவவும் இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். அது கெட்ட எண்ணத்தை, அல்லது தீங்கு நேரும் என்று அறிந்தே செய்ததைக் கேட்கிறது. சிலிண்டரை உருட்டிய இளைஞருக்குப் படிக்கு அடியில் நாய் இருப்பது தெரியாது. அவரைச் சிறைக்கு அனுப்ப வேண்டும் என்று நான் ஒரு கணமும் நினைத்ததில்லை. நான்காம் நாள் அவரே, யாரும் அழைக்காமல், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, கட்டுப் போட்ட காலைத் தொடாமல் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். "சிலிண்டருக்கு இவ்வளவுன்னுதான் சார் குடுப்பாங்க. நேரமாச்சுன்னா அடுத்த தெருவு நாளைக்குத்தான்" என்றார். எனக்கு அந்த எட்டணா ஞாபகம் வந்தது.

ஏஜென்சிக்கு நான் எழுதிய கடிதத்தில் அந்த இளைஞரின் பெயரைக் குறிப்பிடவில்லை. தலைக்கு இவ்வளவு என்று கூலி பேசி, வேகத்தை விலைக்கு வாங்கியவர் யாரோ அவரே அந்த வேகம் முறித்த காலுக்கும் பதில் சொல்ல வேண்டும் என்று எழுதி, கிதிர்பூர்க் குதிரையின் கதையையும் சுருக்கமாகச் சேர்த்து, வைத்தியச் செலவின் ரசீதுகளை இணைத்து அனுப்பினேன். மூன்றாவது வாரம் செலவில் பாதித் தொகைக்கு ஒரு காசோலை வந்தது. நல்லெண்ண அடிப்படையில் தருவதாக உடன்வந்த காகிதத்தில் தட்டச்சு செய்திருந்தார்கள். 'எங்கள் ஊழியர்' என்ற சொல் அதில் எங்கும் இல்லை. மீதிப் பாதியைக் கேட்டு இரண்டாவது கடிதம் எழுதியிருக்கிறேன்.