கட்டுவித்தலும் ஒரு கல்வி
(ஐக்கிய அமெரிக்க ஈராண்டுக் கல்லூரிகளிற் கட்டிட முகாமை புகுந்த வரலாறு)

ஒரு மாளிகையைக் கட்டியவர் யார் என்று வினவினால், வரலாற்று நூல் அரசன் பெயரைக் கூறும். சற்று நுணுகிய நூலாயின் சிற்பியின் பெயரையுங் கூறும். எத்தனை வண்டிக் கல் வேண்டும், அஃது எந்நாளில் வேண்டும், அத்திவாரம் இறுகுமுன் வந்து நிற்கும் கொத்தருக்கு அன்று என்ன வேலை கொடுப்பது என்று கணக்கிட்டவனை எந்நூலும் கூறுவதில்லை. அவன் செய்த தொழிலே கட்டிட முகாமை எனப் பெயர்பெற்று, இன்று ஐக்கிய அமெரிக்காவின் சமுதாயக் கல்லூரிகளில் ஈராண்டுப் பாடநெறியாகக் கற்பிக்கப்படுகின்றது. வேலைத்தலத்திற் கண்டும் கேட்டும் பழகிய ஒன்று கல்லூரி வகுப்பினுள் எவ்வாறு புகுந்தது என்பதை ஆராய்வோமாயின், வெவ்வேறாகத் தோன்றிய இரண்டு வரலாறுகள் ஓரிடத்தில் வந்து கூடுவதைக் காண்போம்.

முதலாவது, கல்லூரியின் வரலாறு. 1862ஆம் ஆண்டின் மொறில் சட்டம் உழவுக்கும் இயந்திரத் தொழிலுக்கும் உயர்கல்வியில் இடந் தேடிக் கொடுத்தது. ஆயினும் நான்காண்டு வீட்டைவிட்டுப் பிரிந்து படிக்க வசதியற்றவனுக்கு அதனாற் பயன் சிறிதே. சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் முதற் தலைவரான வில்லியம் றெயினி ஹார்ப்பர் என்பார் பட்டப்படிப்பின் முதலீராண்டை ஒரு கூறாகவும் பின்னீராண்டை மற்றொரு கூறாகவும் வகுத்து, முதற்கூற்றுடன் நிற்க விரும்புவோன் இழுக்கின்றி நிற்கலாம் என்றார். அவர் கருத்தைத் தழுவி, இலினொய் மாநிலத்து ஜோலியற் நகரின் உயர்பாடசாலைத் தலைவர் ஸ்ரான்லி பிறவுண் 1901இல் தம் பாடசாலையிலேயே மேல்வகுப்புகளைத் தொடங்கினார். அன்று சேர்ந்த மாணாக்கர் அறுவரே. கனிட்ட கல்லூரி என்னும் அமைப்பின் வித்து அவ்வறுவர் வகுப்பே. 1907இல் கலிபோர்ணியா மாநிலம் உயர்பாடசாலைகள் இவ்வாறு மேல்வகுப்பு நடத்தச் சட்டம் இயற்றியது. 1920இல் இக்கல்லூரிகள் தமக்கென ஒரு சங்கமும் அமைத்தன.

இவையெல்லாம் பெரும்பாலும் பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் படிக்கட்டுகளாகவே கருதப்பட்டன. தொழிற்கல்வியோ வேறு வாசலில் நின்றது. 1917ஆம் ஆண்டின் சிமித்–கியூசு சட்டம் தொழிற்கல்விக்குக் கூட்டரசின் பணத்தை வழங்கியபோது, அக்கல்வி கல்லூரித் தரத்துக்குக் கீழ்ப்பட்டதாய் இருத்தல் வேண்டும் என்றும் விதித்தது. கைத்தொழிலுக்குப் பணமுண்டு, மதிப்பில்லை என்று சட்டமே எழுதிவைத்தாற் போன்றது இது. இத்தகைய மனப்பான்மை அமெரிக்கருக்கு மாத்திரம் உரியதன்று என்பதை ஆசிரியராயிருப்போர் அறிவர்.

இரண்டாவது, தொழிலின் வரலாறு. முற்காலத்தில் வரைந்தவனும் கட்டியவனும் ஒருவனே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வரைவோர் தனித் தொழிலினராய்ப் பிரிந்து 1857இல் தமக்கொரு கழகங் கண்டனர். மரவேலை, கல்வேலை, இரும்புவேலை அனைத்தையும் ஒரே பொறுப்பில் ஏற்கும் பொது ஒப்பந்தகாரர் (நம்மூர் வழக்கிற் கொந்தராத்துக்காரர்) மேலெழுந்தனர். 1882இல் தொடங்கிய ஜோர்ஜ் புல்லர் கம்பனி இவ்வகையில் முன்னோடி. உருக்குச் சட்டகத்தின்மேல் வானளாவும் கட்டிடங்கள் எழுந்த காலம் அது. நூற்றுக்கணக்கானோர் ஒருவர்மேல் ஒருவராக வேலைசெய்யும் இடத்தில், தொழிலறிவைவிட ஒழுங்கறிவே அரிய பொருளாயிற்று.

நியூ யோர்க்கின் எம்பயர் ஸ்ரேற் கட்டிடம் இதற்குத் தக்க சான்று. 1930 மார்ச் 17இல் வேலை தொடங்கிற்று. 1931 மே 1இல் 102 மாடிகளுடன் திறக்கப்பட்டது. நெருக்கமான அத்தெருவிற் பொருள் குவித்துவைக்க இடமில்லை. ஆகவே உருக்குத் தூண் எந்நாளில் எம்மாடிக்கு வேண்டுமோ அந்நாளில் வந்திறங்குமாறு ஸ்ராறெற் சகோதரர் திட்டமிட்டனர். மாடிகளிற் சிறு தண்டவாளம் இட்டு வண்டிகளிற் செங்கல்லைத் தள்ளிச் சென்றனர். அக்கட்டிடத்தின் உயரத்தைப் பலர் வியப்பர். நான் வியப்பது அந்த வண்டிகளையே.

இவ்வறிவை ஏட்டில் ஏற்றும் முயற்சியும் உடன் நடந்தது. ஹென்றி கான்ற் என்பவர் 1910களில் வேலைகளைக் கால அளவுக் கோடுகளாக வரைந்து காட்டினார். 1935இல் புளோரிடாப் பல்கலைக்கழகம் கட்டிட நிருமாணத்துக்கெனத் தனித்துறை அமைத்தது. 1950களின் பிற்பகுதியில் டூ போன்ற் கம்பனியின் மோர்கன் வோக்கரும் றெமிங்ரன் றான்ட் கம்பனியின் ஜேம்ஸ் கெலியும் கணிபொறியின் துணையுடன் வகுத்த மாறுநிலைப் பாதை முறையே இத்துறைக்கு இலக்கணம் தந்தது எனலாம். அதன் உட்பொருள் எளிது. அத்திவாரத்துக்குப் 10 நாள், சுவருக்கு 20 நாள், கூரை ஏற்ற 12 நாள் எனக் கொள்வோம். ஆக 42 நாள். கூரை மரத்தைத் தச்சர் தம் பட்டறையில் முதல்நாளே தொடங்கி 25 நாளில் முடிப்பர். அது தேவைப்படுவது முப்பதாம் நாள் முடிவில். எனவே தச்சர் ஐந்து நாள் பிந்தினும் வீடு பிந்தாது. கொத்தர் ஒருநாள் பிந்தினால் வீடும் ஒருநாள் பிந்தும். தச்சர் ஆறாம் நாளும் பிந்துவாராயின் நெருக்கடி அவர் பக்கம் மாறிவிடும். யாரை இன்று விரைவுபடுத்த வேண்டும், யாரை விட்டுவிடலாம் என்பதை இது காட்டுகின்றது. எல்லோரையும் ஒருங்கே அதட்டும் பழைய மேற்பார்வையாளனுக்கு இது தெரியாது.

இவ்விரு வரலாறுகளையும் அணுகச் செய்தது இரண்டாம் உலக மகாயுத்தம். 1944ஆம் ஆண்டின் சட்டம், போர்முனையினின்று மீண்டோர் கல்விச் செலவை அரசு ஏற்கச் செய்தது. 1956க்குள் ஏறத்தாழ 78 இலட்சம் பேர் அதனாற் கல்வியோ தொழிற்பயிற்சியோ பெற்றனர். வீடுகளும் பாடசாலைகளும் பெருந்தெருக்களும் எங்கணும் எழுந்தன. சனாதிபதி ட்ரூமன் நியமித்த உயர்கல்விக் குழு 1947இல், ஊர்தோறும் ஊராரின் தேவைக்கேற்ற ஈராண்டுக் கல்லூரி வேண்டுமென்றது. 'சமுதாயக் கல்லூரி' என்னும் பெயர் அதன்பின் பரவிற்று. 1960இல் கலிபோர்ணியா வகுத்த திட்டம் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மேலான எட்டிலொரு பங்கினரையும், மாநிலக் கல்லூரிகளுக்கு மூன்றிலொரு பங்கினரையும், கனிட்ட கல்லூரிகளுக்குப் பயன்பெறக்கூடிய அனைவரையும் உரியராக்கிற்று. 1963ஆம் ஆண்டின் தொழிற்கல்விச் சட்டம் பழைய தடையைத் தளர்த்தியது. அப்பத்தாண்டில் அந்நாட்டில் வாரத்துக்கு ஒன்று என்ற கணக்கிற் புதிய கல்லூரிகள் திறக்கப்பட்டன. 1974இல் நிருமாணக் கல்விக்கெனத் தோன்றிய தரக்கட்டுப்பாட்டுக் கழகம் நான்காண்டுப் பட்டத்துடன் ஈராண்டுப் பட்டத்தையும் தன் மதிப்பீட்டுக்குள் ஏற்றது.

அங்கு கற்பவன் வரைபடம் வாசிக்கின்றான், கொங்கிறீற்றும் மண்ணும் எடைதாங்கும் இயல்பை அறிகின்றான், நிலமளக்கின்றான், செலவு மதிப்பிடுகின்றான். சட்டமும் படிக்கின்றான். கூட்டரசின் வேலைகளில் அவ்வூர் வழக்கக் கூலிக்குக் குறையாது கொடுக்கவேண்டுமென்ற 1931ஆம் ஆண்டுச் சட்டத்தையும், தொழிலிடப் பாதுகாப்புப் பற்றிய 1970ஆம் ஆண்டுச் சட்டத்தையும் அறியாதவன் வேலைத்தலத்தை ஆளமுடியாது. வகுப்புகள் பல மாலையில் நடைபெறுவன. பகலிற் செங்கல் அடுக்கியவன் மாலையில் அச்சுவரின் செலவைக் கணக்கிடுகின்றான். பகற்றொழிலின்பின் விளக்கொளியிற் படித்து வெளிவாரியாகப் பட்டம் பெற்ற என்போன்றோருக்கு அவன் அயலானல்லன்.

எனினும் இக்கல்லூரிகளைப் புகழ்ந்து மாத்திரம் எழுதுதல் வரலாறாகாது. சமூகவியலறிஞர் பேர்ட்டன் கிளார்க் 1960இல் சான் ஜோசே நகரக் கல்லூரியை ஆராய்ந்து ஒரு கசப்பான உண்மையைக் கூறினார். பல்கலைக்கழகம் செல்லும் ஆசையுடன் வருவோர் பலர், செல்வோர் சிலர். இடைப்பட்ட காலத்தில் அவர்தம் ஆசையை மெல்ல மெல்ல ஆறவைப்பதே கல்லூரியின் மறைமுகத் தொழில் என்றார் அவர். திறந்த கதவு உண்மையிற் கதவா, சுவரில் வரைந்த கதவின் படமா என்பதே கேள்வி. கட்டிட முகாமை கற்போனைப் பொறுத்தவரை இக்குற்றச்சாட்டின் வலிமை சற்றுக் குறைவென்பது என் கருத்து. கணக்கைச் சரியாகக் காட்டுபவனை வேலைத்தலம் ஏற்றுக்கொள்ளும். அவன் எத்தனை ஆண்டு படித்தான் என்பதை முதலில் வினவாது. ஆனால் அவன் பின்னொருநாள் நான்காண்டுப் பட்டத்தை நாடிச் செல்லும்போது, தொழில்முறைப் பாடங்கள் பலவற்றைப் பல்கலைக்கழகங்கள் கணக்கில் எடுப்பதில்லை. ஒருமுறை கற்றதை மறுமுறையும் பணங்கொடுத்துக் கற்க நேரிடுகின்றது. 1917இல் எழுதப்பட்ட 'கல்லூரித் தரத்துக்குக் கீழ்ப்பட்டது' என்னும் சொற்றொடர் சட்டநூலினின்று நீங்கியும் பதிவாளர் அலுவலகத்தினின்று முற்றாக நீங்கவில்லை.

இதனைத் தீர்க்கச் சில மாநிலங்கள் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்குமிடையே உடன்படிக்கைகள் செய்தன. வேறு சில ஈராண்டுக் கல்லூரிக்கே நான்காண்டுப் பட்டம் வழங்கும் உரிமை அளித்தன. புளோரிடாவில் 1927இல் தோன்றிய சென் பீற்றர்ஸ்பேர்க் கனிட்ட கல்லூரி 2001இல் அவ்வுரிமை பெற்றது. அவ்வாண்டிலேயே தன் பெயரினின்று 'கனிட்ட' என்னும் சொல்லை நீக்கிவிட்டது.