தருமபுரி மாவட்ட அரசு உயர்நிலைப் பள்ளிகள்

தமிழ்நாட்டின் வடமேற்கில் உள்ள தருமபுரி மாவட்டத்தில், 10ஆம் வகுப்பு வரை நடக்கும் உயர்நிலைப் பள்ளிகளையும் 12ஆம் வகுப்பு வரை நடக்கும் மேல்நிலைப் பள்ளிகளையும் இக்கட்டுரை ஒருசேர எடுத்துக்கொள்கிறது. தருமபுரி நகரிலும் அதை ஒட்டிய ஊராட்சிகளிலும், பென்னாகரம், பாலக்கோடு, அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, காரிமங்கலம், நல்லம்பள்ளி வட்டாரங்களிலும் இவை பரவியிருக்கின்றன. நகரத்து ஆண்கள் மேல்நிலைப் பள்ளி அதியமான் பெயரையும் மகளிர் மேல்நிலைப் பள்ளி அவ்வையார் பெயரையும் தாங்கி நிற்கின்றன. அதியமான் ஆண்ட தகடூரே இன்றைய தருமபுரி என்பதால், அதன் பழம்பெருமைக்கு அது பொருத்தம்தான். ஆனால் பொதுத்தேர்வு முடிவு வெளியாகும் நாளில் மாவட்டத்தின் பெயர் தேர்ச்சிப் பட்டியலில் எங்கே நிற்கிறது என்பதை மட்டுமே வைத்து இப்பள்ளிகளை எடைபோடும் பழக்கம் வேரூன்றிவிட்டது. அந்த அளவுகோல் இவற்றின் உண்மையான சாதனையையும் காட்டுவதில்லை, உண்மையான குறையையும் காட்டுவதில்லை. பத்தாம் வகுப்பு என்ற படியை யாரெல்லாம் மிதிக்க முடிந்தது என்பதில்தான் இவற்றின் வரலாறு இருக்கிறது.

தொடக்கமே பின்தங்கியதாக இருந்தது. 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி வசம் வந்த, தருமபுரியை உள்ளடக்கிய பாராமகாலில், அதை நிர்வகித்த அலெக்சாண்டர் ரீடின் கீழ் 1799 வரை பணியாற்றியவர் தாமஸ் மன்றோ. பின்னாளில் சென்னை மாகாண ஆளுநரான அவரே 1822இல் பள்ளிகளைப் பற்றிய கணக்கெடுப்புக்கு ஆணையிட்டார். மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள், ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒன்று என்பது 1826இல் அவர் எழுதிய குறிப்பின் கணக்கு. தருமபுரியை உள்ளடக்கியிருந்த சேலம் மாவட்டத்திலோ பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களுக்கு 333 பள்ளிகளே இருந்தன. அதாவது மூவாயிரம் பேருக்கு ஒன்று. வறண்ட பூமியும் புஞ்சைப் பயிரும் கொண்ட இந்தப் பகுதி, ஆற்றுப்பாசன மாவட்டங்களோடு ஒரே கோட்டில் நின்று ஓட்டத்தைத் தொடங்கவில்லை.

ஒரு பள்ளியின் பெருமையை அதில் படித்த பெரியவரைக் காட்டி நிறுவுவது நம் ஊர் வழக்கம். அப்படிப் பார்த்தால் 2004 வரை தருமபுரி மாவட்டத்தில் இருந்த ஓசூர் அரசுப் பள்ளிக்கு ராஜாஜி ஒருவரே போதும்: 1878இல் தொரப்பள்ளியில் பிறந்து, ஓசூரில் படித்து, இந்தியாவின் தலைமை ஆளுநர் வரை உயர்ந்தவர். அவரே முதலமைச்சராக 1953இல் கொண்டுவந்த திட்டம், கிராமத் தொடக்கப் பள்ளியின் நேரத்தைக் குறைத்து, மிச்ச நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றது. குலக்கல்வி என்று எதிர்க்கப்பட்ட அதை 1954இல் பதவியேற்ற காமராசர் கைவிட்டார். தனியொருவரின் உயர்வு அவருக்குப் பின்னால் வருபவர்களுக்கு வழி திறக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. அதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வழி திறந்தது வேறு வகையில். 1965 அக்டோபர் 2இல் சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி மாவட்டமானது. 1978இல் கல்லூரிப் புகுமுக வகுப்பான பியுசி ஒழிந்து மேல்நிலைக் கல்வி வந்தது. அதுவரை எஸ்எஸ்எல்சி முடித்த பிள்ளை கல்லூரி உள்ள ஊருக்குப் போனால்தான் மேலே படிக்கலாம் என்றிருந்த நிலை மாறி, மேல்நிலையின் இரண்டு வருடப் படிப்பு தாலுகா ஊர்ப் பள்ளிக்கே வந்துசேர்ந்தது. கட்டடம் மட்டும் போதவில்லை. 1982இல் தொடங்கிய சத்துணவுத் திட்டம் 1984இல் பத்தாம் வகுப்பு வரை நீண்டது. 1989இல் அறிமுகமான மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம் மணப்பெண்ணுக்கு முதலில் எட்டாம் வகுப்பையும் பிறகு பத்தாம் வகுப்பையும் தகுதியாக்கியது. இளவயதுத் திருமணம் இன்றும் பேசப்படும் ஒரு மாவட்டத்தில், கல்யாணத்துக்கான உதவித்தொகையே பெண்ணைப் பள்ளியில் நிறுத்திவைக்கும் கருவியானது விசித்திரம்தான். ஆனாலும் அது கணக்கைப் பெற்றோர் புரிந்துகொள்ளும் மொழியில் பேசியது. 1994இல் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டத்துக்குத் தமிழ்நாட்டில் முதலில் தேர்வான மாவட்டங்களுள் தருமபுரியும் ஒன்று. பெண் எழுத்தறிவு தேசியச் சராசரிக்குக் கீழே இருந்ததே அதற்கான அளவுகோல். அந்தத் தொடக்கப் பள்ளிகளில் சேர்ந்தவர்கள்தான் அடுத்த பத்தாண்டில் உயர்நிலைப் பள்ளி வகுப்புகளை நிரப்பினார்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாவட்டத்தின் எழுத்தறிவு 68.54 விழுக்காடு, மாநிலத்தின் அன்றைய 32 மாவட்டங்களில் இதுவே கடைசி, மாநிலச் சராசரி 80.09. இதைத் தோல்விக்குச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. ஏழு வயதுக்கு மேற்பட்ட எல்லோரையும், அறுபது வயதுக் கிழவியையும் சேர்த்து எண்ணிய தொகை இது. பள்ளியே பார்க்காத தலைமுறையின் சுமை அதில் இருக்கிறது. வீட்டில் பாடம் சொல்லித்தர ஆளில்லாத பிள்ளைகளே இப்பள்ளிகளில் பெரும்பகுதி என்பதைத்தான் இந்த எண் நமக்குச் சொல்கிறது.

வலுவான ஆட்சேபம் வேறொன்று. இதே மண்ணில்தானே தனியார் பள்ளிகள் மாநில அளவில் சாதித்தன? பழைய தருமபுரி மாவட்டத்துக்குள் இருந்த ஊத்தங்கரையின் தனியார் பள்ளி 2014இலும் 2016இலும் பிளஸ் டூவில் மாநில முதலிடம் பெற்றது. மறுக்க முடியாத உண்மை. ஆனால் விடுதியோடு நடக்கும் அத்தகைய பள்ளிகள் வெளிமாவட்டங்களிலிருந்தும் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளைக் கட்டணம் வாங்கிச் சேர்த்துக்கொள்பவை. வாசலுக்கு வரும் எவரையும் அரசுப் பள்ளி திருப்பி அனுப்ப முடியாது. பிளஸ் ஒன் பாடத்தைத் தள்ளிவிட்டு இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே நடத்தும் வழக்கம் தனியார் பள்ளிகள் பலவற்றில் பரவியதால்தான் 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. தரவரிசை அறிவிப்பதையும் அரசு 2017இல் நிறுத்தியது.

அதற்காக அரசுப் பள்ளிகளின் தேர்ச்சி விழுக்காட்டையும் அப்படியே நம்பிவிட வேண்டியதில்லை. தேர்வு எழுதியவர்களைக் கொண்டு வகுத்த எண் அது. ஒன்பதாம் வகுப்பிலேயே மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போனவரும், பெற்றோருடன் பெங்களூருக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போனவரும் அதில் இல்லை. ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பத்தாவது எழுதினார்கள் என்று பள்ளிவாரியாக வெளியிட்டால் பட்டியலின் வரிசையே மாறக்கூடும்.

எண்ணிக்கை பெருகினால் தரம் போய்விடாதா என்பது அடுத்த கேள்வி. நீட் தேர்வுக்குப் பின் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கினார்கள். நீதியரசர் கலையரசன் குழுவின் பரிந்துரையை அடுத்து 2020இல் வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு, முதல் ஆண்டிலேயே மாநிலம் முழுவதும் ஏறத்தாழ 400 மருத்துவ, பல் மருத்துவ இடங்களை அவர்களுக்குத் தந்தது. இடம் பெற்ற ஒவ்வொருவரும் நீட்டில் தகுதி பெற்றவரே. 2008 முதல் மருத்துவக் கல்லூரி இயங்கும் தருமபுரிக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. பெண்களுக்கான உதவியின் வடிவமும் மாறியது: 2022இல், முன்பு சொன்ன திருமண உதவி, அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரி சேரும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமாக உருமாறியது. படிப்புக்கான உதவி கல்யாணத்தைச் சுற்றிக்கொண்டு வர வேண்டிய தேவை அத்துடன் போனது. சித்தேரி போன்ற மலைக்கிராமங்களில் உயர்நிலைப் பள்ளிக்கும் பிள்ளைக்கும் இடையே நிற்பது இன்னமும் தூரமே. அங்கே பழங்குடியினர் நலத்துறையின் உண்டு உறைவிடப் பள்ளிகள் அந்த வேலையைப் பகிர்ந்துகொள்கின்றன. மாவட்டத்தின் கணக்கு எழுதப்படும்போது அவற்றையும் சேர்த்தே எழுத வேண்டும்.