சைதாப்பேட்டைப் பாலமும் 1,500 வராகனும்

இந்த எபிசோடை மெட்ரோவில் போய்க்கிட்டே கேட்கிறவங்களுக்கு ஒரு சின்ன விஷயம். சைதாப்பேட்டை ஸ்டேஷனைத் தாண்டி சின்னமலைக்குப் போகும்போது ரயில் ஓர் ஆற்றுக்கு அடியில் போகுது. உங்க தலைக்கு மேல ஓடுவது அடையாறு. அந்த ஆற்றின் மேல நிற்கிறது மறைமலை அடிகள் பாலம். கிண்டிக்கோ, ஏர்போர்ட்டுக்கோ, தாம்பரத்துக்கோ போகிற எவரும் வாழ்க்கையில் ஒரு தடவையாவது அதைக் கடந்திருப்பீங்க. டிராஃபிக்கில் அதன் மேல நின்று திட்டியும் இருப்பீங்க.

இன்றைய கதை, அதே இடத்தில் அதற்கு முன்னால் இருந்த பாலத்தைப் பற்றியது. அதைக் கட்டினது ராஜாவும் இல்லை, கவர்னரும் இல்லை, கம்பெனியும் இல்லை. ஈரானிலிருந்து வந்த ஓர் ஆர்மீனிய வியாபாரி, தன் சொந்தக் காசில் கட்டினார். வருடம் 1726. பெயர் கோஜா பெட்ரஸ் உஸ்கான்.

அவருக்குள் போவதற்கு முன்னால், இந்தக் கதை எனக்கு ஏன் முக்கியம்னு சொல்லிடறேன்.

2015 டிசம்பர். நான் அப்போ இன்ஜினியரிங் படிச்சுக்கிட்டிருந்தேன். எங்க வீடு மயிலாப்பூர் பக்கம். அப்பாவுக்கு வேலை கிண்டியில். டிசம்பர் 1 ராத்திரி மழை நிற்கவே இல்லை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்ததா பின்னாடிதான் தெரிஞ்சுது. மறுநாள் சைதாப்பேட்டைப் பாலத்தையே மூடிட்டாங்க. அப்பா ஆற்றுக்கு அந்தப் பக்கம், நாங்க இந்தப் பக்கம். போன் இல்லை, கரண்ட் இல்லை. எங்க ஆயா மெழுகுவத்தி ஏத்தி வச்சுக்கிட்டு செபமாலை சொல்லிக்கிட்டே இருந்தாங்க. எனக்கு எரிச்சல். "செபம் சொன்னா ஆத்துத் தண்ணி வடிஞ்சிடுமா ஆயா?"ன்னு கேட்டுட்டேன். அவங்க எதுவும் சொல்லலை. செபமாலையை முடிச்சாங்க, எழுந்து போய் அரிசி அளந்தாங்க. கீழ் வீட்டுக்குள்ள தண்ணி வந்துட்டதால அவங்களும் எங்க வீட்டில்தான் இருந்தாங்க. எல்லாருக்கும் அளந்து போட்டவங்க, ஒரு பங்கை எடுத்துத் தனியா ஒரு டப்பாவில் வச்சு மூடினாங்க. "நாளைக்கும் பசிக்கும்ல"ன்னு மட்டும் சொன்னாங்க.

அப்பா ரெண்டு நாள் கழிச்சு நடந்தே வந்து சேர்ந்தார். நான் கேட்ட கேள்வி மட்டும் எனக்குள்ள அப்படியே இருந்துச்சு. கடவுளை நம்புறதுன்னா என்ன? கையைக் கட்டிக்கிட்டு அவர் பார்த்துப்பார்னு உட்காருவதா? நான் கிறிஸ்தவக் குடும்பத்தில் வளர்ந்தவன். ஞாயிற்றுக்கிழமை பூசை, கிறிஸ்துமஸ் ஸ்டார், தவக்காலம் எல்லாம் உண்டு. ஆனால் திங்கட்கிழமை காலையில் அந்த நம்பிக்கைக்கு என்ன வேலைன்னு யாரும் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னதில்லை. பல வருஷம் கழிச்சு எனக்கு அதைச் சொன்னது சைதாப்பேட்டையில் இருந்த ஒரு கல்வெட்டு.

சரி, 1720களின் சென்னைக்குப் போவோம். அப்போ 'சென்னை' என்பது கோட்டையும் அதை ஒட்டின ஊரும்தான். மயிலாப்பூர், சாந்தோம் எல்லாம் தெற்கே தனி ஊர்கள். இன்றைய தி.நகர்? அங்கே ஒரு நீண்ட ஏரி. வெள்ளைக்காரர்கள் 'லாங் டேங்க்' என்று சொன்ன அந்த மாம்பலம் ஏரியைத் தூர்த்து தி.நகரை உருவாக்கியது 1920களில்தான். நீங்க தீபாவளிக்குத் துணி எடுக்கிற இடத்தில் அப்போ மீன் பிடிச்சிருப்பாங்க.

இந்த நிலப்பரப்பில் கிறிஸ்தவர்களுக்கு மூன்று முக்கியமான இடங்கள் இருந்தன. இயேசுவின் சீடர் தோமையார் கி.பி. 52இல் இந்தியாவுக்கு வந்தார் என்பது மரபு. அவர் ஒளிந்திருந்ததாகச் சொல்லப்படுவது சின்னமலை, உயிர்விட்டதாகச் சொல்லப்படுவது பரங்கிமலை, அடக்கம் செய்யப்பட்டதாகச் சொல்லப்படுவது சாந்தோம். பரங்கிமலை உச்சியில் போர்த்துகீசியர்கள் 1523இல் கோயில் கட்டினார்கள். கோட்டைப் பக்கமிருந்து பரங்கிமலைக்குப் போகிறவர்களுக்கு நடுவில் குறுக்கே நின்றது அடையாறு. வெயில் காலத்தில் இறங்கி நடந்துடலாம். மழைக்காலத்தில்? 2015ஐப் பார்த்தவங்களுக்கு நான் விளக்கவே வேண்டாம்.

இப்போ உஸ்கான். அவர் பிறந்தது இஸ்ஃபஹான் நகரத்தை ஒட்டிய நியூ ஜுல்ஃபாவில். அந்த ஊரே ஓர் அகதி ஊர். 1600களின் தொடக்கத்தில் பாரசீக மன்னர் ஷா அப்பாஸ், பழைய ஜுல்ஃபாவில் இருந்த ஆர்மீனியர்களைக் கட்டாயமாகப் பெயர்த்துக் கொண்டுபோய்க் குடியமர்த்திய ஊர் அது. வேரோடு பிடுங்கி நடப்பட்ட அந்த மக்கள் இரண்டே தலைமுறையில் உலக வியாபாரிகள் ஆனார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி 1688இல் ஆர்மீனியர்களோடு தனி ஒப்பந்தமே போட்டது. சென்னையில் 'அரண்மனைக்காரத் தெரு' என்று நாம் சொல்கிற ஆர்மீனியன் தெருவில் இருக்கும் அவர்களுடைய கோயிலை இன்றும் போய்ப் பார்க்கலாம். உலகின் முதல் ஆர்மீனிய மொழிப் பத்திரிகை வெளிவந்ததும் சென்னையில்தான், 1794இல்.

உஸ்கான் மணிலா வரை வியாபாரம் செய்தவர், பெரும் பணக்காரர், சென்னை ஆர்மீனியர்களில் தலையாய மனிதர், கத்தோலிக்கர். அந்தக் காலத்துப் பணக்காரப் பக்தர்கள் செய்கிறதையெல்லாம் அவரும் செய்தார். வேப்பேரியில் மாதாவுக்கு ஒரு சிற்றாலயம் கட்டினார். பரங்கிமலை உச்சிக்கு ஏறப் படிக்கட்டு போட்டார். சுமார் 160 படிகள். இன்றும் தவக்காலத்தில் ஜனங்கள் முட்டி போட்டு ஏறுகிற படிக்கட்டு அது.

அதோடு நின்றிருந்தால் நான் இந்த எபிசோடு பண்ணியிருக்க மாட்டேன். அவர் ஆற்றுக்குக் குறுக்கே பாலமும் கட்டினார். செலவு 30,000 வராகன். ஒரு வராகனுக்குச் சுமார் மூன்றரை ரூபாய் என்று பின்னாளில் வைத்த கணக்கில் பார்த்தால் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல், அந்தக் காலத்து ரூபாயில். கல்வெட்டில் தன் பெயரையும் இனத்தையும் போட்டுக்கொண்டார், ஒத்துக்கறேன். ஆர்மீனியம், பாரசீகம், லத்தீன் என்று மூன்று மொழியில் எழுதினாங்க. ஆனால் அந்த லத்தீன் எழுத்து எதற்காகக் கட்டினேன் என்று சொல்கிற காரணத்தைப் பாருங்க: பொதுமக்களின் நன்மைக்காக. பக்தர்களின் நன்மைக்காக என்று இல்லை.

படிக்கட்டு மலைக்குப் போகிறவனுக்கு மட்டும். பாலம் அப்படி இல்லை. அதன் மேல மாட்டு வண்டி போகும், மோர் விற்கிறவங்க போவாங்க, மசூதிக்குப் போகிறவர் போவார், கபாலி கோயில் தேருக்கு வருகிறவர் போவார், வேலைக்கு லேட்டானவன் ஓடுவான். 'நீ யாரைக் கும்பிடுற?'ன்னு பாலம் கேட்காது.

இதை விட என்னைப் பிடிச்சு நிறுத்தினது இன்னொரு எண். பாலத்தைக் கட்டினவர், அதைப் பராமரிக்க 1,500 வராகனைத் தனியாக ஒதுக்கி வைத்தார். 30,000இல் 1,500. கணக்குப் போட்டா சரியா ஐந்து சதவீதம்.

சாஃப்ட்வேர்ல இருக்கிறவங்களுக்கு இது ஏன் என்னை உலுக்குச்சுன்னு புரியும். புதுசா கட்டுறதுக்குக் காசு எப்பவும் கிடைக்கும். லான்ச் அன்னைக்குக் கேக் வெட்டுவாங்க, லிங்க்ட்இன்ல போஸ்ட் போடுவாங்க. ஆறு மாசம் கழிச்சு ராத்திரி மூணு மணிக்கு அது விழும்போது யார் எழுந்திருக்கணும்னு கேட்டா மீட்டிங் ரூமே அமைதியாகிடும். நானே அப்படி ஒண்ணை எழுதிட்டு, கைதட்டல் வாங்கிட்டு, வேற டீமுக்குப் போனவன். எனக்கப்புறம் அதைப் பார்த்துக்கிட்ட பொண்ணு எத்தனை ராத்திரி தூங்கலைன்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். பராமரிப்புக்குன்னு காசு வைக்கிறவன், தான் இல்லாத நாளைப் பற்றி யோசிச்சவன். நான் போனப்புறமும் இந்த ஆற்றில் வெள்ளம் வரும், கல் பெயரும், அப்பவும் யாரோ ஒருத்தர் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போகணும். அதில் எனக்குப் பேரும் வராது, லாபமும் வராது. ஆனாலும் வைக்கிறேன்.

'கடவுள் பார்த்துப்பார்' என்பதற்கு நேர் எதிரான செயல் மாதிரி இது தெரியலாம். நம்பிக்கை இருந்தா எதுக்கு ரிசர்வ் ஃபண்டு? கோபுரம் கட்டப் போகிறவன் முதலில் செலவுக் கணக்குப் பார்க்கணும்னு இயேசுவே ஓர் உவமை சொல்லியிருக்கார். எனக்குப் புரிந்தது இதுதான்: நாளை என்பது என் கையில் இல்லை என்று உண்மையாகவே நம்புகிறவன்தான் நாளைக்கென்று விட்டுக்கொடுப்பான். எல்லாம் தன் கையில் இருக்குன்னு நினைக்கிறவன் எல்லாத்தையும் தன் கையிலேயே வச்சுப்பான்.

அவரைப் புனிதர் ஆக்க நான் வரலை. அவர் கம்பெனியின் நிழலில் பணம் சேர்த்த வியாபாரி. பாலம் இருந்தா வியாபாரத்துக்கும் நல்லதுதான். பிற்காலத்தில் பரங்கிமலை ராணுவ முகாமானபோது கம்பெனிப் படைக்கும் இதுதான் வழி. நல்ல காரியத்தையும் சொந்த லாபத்தையும் தனித்தனியாகப் பிரிக்க முடியாத ஒரு காலம், ஒரு மனிதர். நாமும் அப்படித்தானே இருக்கோம்?

ஆனால் அவருடைய நம்பிக்கைக்கு ஒரு சோதனை வந்துச்சு. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். ஆர்மீனிய வியாபாரிகள் பாண்டிச்சேரிக்கு வந்துவிட வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். உஸ்கானுக்கு அப்போ அறுபது வயதுக்கு மேல். பிரெஞ்சுக்காரர்களும் கத்தோலிக்கர்கள், இவரும் கத்தோலிக்கர். போயிருந்தால் வசதிதான். அவர் போகலை. ஊருக்குள் இருந்த அவருடைய சொத்து பறிபோனது. ஆங்கிலேயர்கள் 1749இல் ஊரைத் திரும்பப் பெற்றார்கள். 1751 ஜனவரியில் உஸ்கான் இறந்தார். தான் கட்டிய வேப்பேரி ஆலயத்திலேயே அடக்கம் செய்தார்கள். இதயத்தை மட்டும் எடுத்து ஒரு பேழையில் வைத்து, பிறந்த ஊரான ஜுல்ஃபாவுக்கு அனுப்பினார்கள் என்று சொல்லப்படுகிறது.

அடுத்து நடந்ததைக் கேளுங்க. பிரெஞ்சுக்காரர்களுக்கு உதவினார்கள் என்று கத்தோலிக்கர்கள் மேல் ஆங்கிலேயர்களுக்குச் சந்தேகம். யாரோடு போக மாட்டேன் என்று சொல்லி உஸ்கான் சொத்தை இழந்தாரோ, அவர்களோடு சேர்த்துத்தான் அவருடைய சபையையே சந்தேகப்பட்டார்கள். அவர் இறந்த மறு வருடமே, 1752இல், வேப்பேரி ஆலயம் புராட்டஸ்டன்ட் மிஷனரிகள் கைக்குப் போய்விட்டது. தமிழ் பைபிள் மொழிபெயர்ப்புக்கும் தமிழ்–ஆங்கில அகராதிக்கும் பேர் பெற்ற ஃபப்ரீசியஸ் பணியாற்றிய இடம் அதுதான். இன்று அது செயின்ட் மத்தியாஸ் ஆலயம். உஸ்கானின் கல்லறை அந்த வளாகத்தில்தான் இருக்கு.

தனக்காக, தன் சபைக்காகக் கட்டின ஆலயம், கண்ணை மூடின மறு வருடமே கைமாறிப் போச்சு. எல்லாருக்குமாகக் கட்டின பாலம் இருநூறு வருடத்துக்கு மேல் நின்றது. மாம்பலத்தின் பெயர் திரிந்து வெள்ளைக்காரர்கள் வாயில் 'மார்மலாங் பாலம்' ஆனது. 1960களில் புதுப் பாலம் வந்தபோது மறைமலை அடிகள் பெயரைச் சூட்டினார்கள். 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியவர், அதே சாலையில் பல்லாவரத்தில் வாழ்ந்தவர், ஆழமான சைவர். ஆர்மீனியக் கத்தோலிக்கர் பாலம் கட்டிய இடத்தில் ஒரு தமிழ்ச் சைவரின் பெயர். எனக்கென்னவோ இதில் உஸ்கானுக்கு வருத்தம் இருக்காதுன்னு தோணுது.

எங்க ஆயா இப்போ இல்லை. 2015இல் நான் கேட்ட கேள்விக்கு அவங்க அன்னைக்கே பதில் சொல்லிட்டாங்க, எனக்குத்தான் கேட்கலை. செபம் சொன்னதால் தண்ணி வடியலை. ஆனால் செபத்தை முடிச்ச கை நேரா அரிசிப் பானைக்குப் போச்சு, அடுத்த வீட்டுக்காரங்களுக்கும் சேர்த்து அளந்துச்சு, நாளைக்குன்னு ஒரு பங்கை எடுத்து வச்சுது. போன மாசம் நான் வேலையில் ஒரு ப்ராஜெக்டை ஒப்படைச்சேன். கிளம்புறதுக்கு முன்னாடி ரெண்டு நாள் கூடுதலா உட்கார்ந்து, எது எப்போ உடையும், உடைஞ்சா என்ன செய்யணும்னு முழுசா எழுதி வச்சேன். யாரும் கேட்கலை. அதுக்குக் கேக்கும் வெட்டலை. கிளம்பும்போது மனசுக்குள்ள ஒரு சின்ன செபம் சொன்ன மாதிரி இருந்துச்சு.

அடுத்த தடவை சைதாப்பேட்டைப் பாலத்தில் டிராஃபிக்கில் மாட்டினா, ஹாரன் அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் கீழே ஆற்றைப் பாருங்க. முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி, நீங்க யாருன்னே தெரியாத ஒருத்தர், நீங்க அந்தப் பக்கம் போய்ச் சேரணும்னு யோசிச்சிருக்கார். நமக்கப்புறம் வரப்போறவங்களுக்கு நம்மளோட 1,500 வராகன் எதுன்னு யோசிச்சு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.