ஒனகடோரி: நெடுவால் சேவலும் வளர்ப்போர் உழைப்பும்

ஜப்பானின் சிக்கோக்குத் தீவிலுள்ள பண்டைய தோசா நாடு, ஒனகடோரி என்னும் நெடுவால் கோழியினத்தின் பிறப்பிடமாகும். எதோ காலத்தில் (1603–1868) அந்நாட்டுத் தலைவரின் ஊர்வலங்களில் ஈட்டியுறைகளை இதன் இறகுகள் அணிசெய்தன. 1871இல் குறுநில ஆட்சிகள் ஒழிக்கப்பட்டபின் அப்புரவலும் மறைந்தது. இனத்தைக் காத்தவர்கள் வளர்ப்போரே. அரசு இதனை 1923இல் இயற்கை நினைவுச்சின்னமாகவும், 1952இல் சிறப்பு இயற்கை நினைவுச்சின்னமாகவும் அறிவித்தது.

'இயற்கை' என்னும் அடைமொழி பாதி உண்மையையே உணர்த்துகிறது. பிற கோழிகள் ஆண்டுதோறும் இறகுதிர்க்க, இச்சேவலின் வாலிறகுகள் சில உதிராது வளர்வது மரபுவழிப் பண்பு. அவை சிதையாது பல மீட்டர் நீள்வதோ மனித உழைப்பின் பயன். தோமெபாக்கோ எனப்படும் உயர்ந்து குறுகிய பெட்டியில், மேலே பொருத்திய கழியில் சேவல் அமர்ந்திருக்கும். வால் கீழே தொங்கும். வெளியே நடத்தும்போது வளர்ப்பவர் வாலைக் கையில் ஏந்திச் செல்வார். 10 மீட்டரைக் கடந்த வாலும் பதிவாகியுள்ளது. அந்நீளத்திற்குப் பறவை இழப்பது தன் நடமாட்டத்தை.

சட்டம் ஓர் இனத்திற்குப் பாதுகாப்பளிக்கலாம். அதனைப் பேணும் பொறுமையை ஆணையிட்டுப் பெற இயலாது. வளர்ப்போர் அருகினால், நினைவுச்சின்னம் என்னும் பெயர் மட்டுமே எஞ்சும்.