தேன்கூட்டில் வைத்த காது

லண்டனின் கியூ தாவரவியல் பூங்காவில் அலுமினியத்தால் பின்னிய ஒரு கூடு 17 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. 'தி ஹைவ்' என்று பெயர். ஏறத்தாழ 1,70,000 துண்டுகளை அடுக்கடுக்காகக் கோத்த அந்தக் கூட்டின் எடை 40 டன். உள்ளே ஆயிரத்தை நெருங்கும் எல்.இ.டி. விளக்குகள். பூங்காவிலேயே இருக்கும் உண்மையான தேன்பெட்டி ஒன்றில் பொருத்திய அதிர்வுமானிகள், தேனீக்களின் நடமாட்டத்தை உடனுக்குடன் இங்கே அனுப்புகின்றன. பெட்டிக்குள் பரபரப்பு கூடினால் விளக்குகள் பளிச்சிடும், இசை பெருகும். தேனீக்கள் ஓய்ந்தால் இரண்டும் தணியும். வுல்ஃப்காங் பட்ரஸ் என்ற பிரிட்டிஷ் கலைஞர் 2015 மிலன் உலகக் கண்காட்சியில் பிரிட்டன் அரங்குக்காக இதை வடிவமைத்தார். 2016 ஜூனில் கியூவில் திறக்கப்பட்டது. மகரந்தச் சேர்க்கை செய்யும் உயிர்கள் அருகிவருவதைப் பார்வையாளருக்கு உணர்த்துவதே இதன் நோக்கம். பார்த்தவுடன் இது சென்சார் காலத்துப் புதுமை என்றுதான் தோன்றும். ஆனால் இதன் வேர் பழையது. தேனீ வளர்த்தவர்கள் கூட்டில் காது வைத்துக் கேட்ட பழக்கத்தின் இன்றைய வடிவமாகவே இதைப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. இந்தச் சிற்பத்தின் பலமும் குறையும் அந்தப் பழக்கத்திலிருந்தே வருகின்றன.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் தேனீ வளர்ப்பு வைக்கோல் கூடையில் நடந்தது. வைக்கோலைக் கயிறாக முறுக்கிச் சுற்றிச் சுற்றித் தைத்து, கவிழ்த்த குடம் போலச் செய்த கூடை அது. அடைகள் அதன் உட்சுவரோடு ஒட்டிக்கொள்ளும். எடுத்துப் பார்க்க வழியில்லை. தேன் வேண்டுமென்றால் பெரும்பாலும் கந்தகப் புகையால் தேனீக்களைக் கொன்றுவிட்டு அடையை வெட்டினார்கள். கூடைக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வளர்ப்பவருக்கு இருந்த நல்ல வழி, காதுதான். ஹாம்ப்ஷயர் கிராமப் பாதிரியார் சார்லஸ் பட்லர் அப்படிக் கேட்டவர்களில் தலைசிறந்தவர். கூட்டின் தலைமை அரசனல்ல, அரசி என்று 1609இல் அவர் எழுதிய நூல் தலைப்பிலேயே சொன்னது. இரண்டாம் கூட்டம் பிரிவதற்கு முந்தைய நாட்களில் இளம் ராணிகள் எழுப்பும் குரலைக் கேட்டு, அதை இசைக்குறிப்பாகவே அந்நூலில் எழுதிவைத்தார். 1623 பதிப்பில் அது நான்கு குரல்களில் பாடும் பாட்டாக வளர்ந்தது. வெளியே போக மகள் தாயிடம் அனுமதி கேட்கிறாள் என்று அவர் கொண்ட பொருள் தவறு. பழைய ராணி முதல் கூட்டத்தோடு போன பிறகு, முதலில் வெளிவந்த இளம் ராணி ஒரு நீண்ட குரல் கொடுக்கும். இன்னும் அறைக்குள் அடைபட்டிருக்கும் மற்ற ராணிகள் விட்டுவிட்டுக் கத்தும் ஒலியால் பதில் சொல்லும். பொருள் பிசகினாலும், பட்லரின் காது பிசகவில்லை.

1851இல் அமெரிக்காவில் லோரென்சோ லாங்ஸ்ட்ராத் ஒரு சிறிய உண்மையைப் பயன்படுத்தினார். ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் இடைவெளி விட்டால் தேனீக்கள் அதை அடையாலோ பிசினாலோ அடைக்காமல் நடைவழியாக விட்டுவிடும். அந்த இடைவெளியோடு சட்டங்களை அமைத்தால், ஒவ்வொரு சட்டத்தையும் பெட்டியிலிருந்து தூக்கிப் பார்க்கலாம். தேனுக்காகத் தேனீயைக் கொல்லும் தேவை ஒழிந்ததற்கு இந்தப் பெட்டி பெருங்காரணம். அதற்கு ஈடாக ஒரு நன்மையை நான் இந்தத் தொழிலின் வரலாற்றில் காணவில்லை. ஆனால் அதோடு காதின் இடத்தைக் கண் பிடித்துக்கொண்டது. மீண்டும் காதை நாடியவர், பி.பி.சி.யில் ஒலிப்பொறியாளராக இருந்த எடி வுட்ஸ். கூட்டம் பிரிவதற்கு முன்பே பெட்டியின் ரீங்காரம் மாறுவதைக் கவனித்து, அதைக் காட்டிக்கொடுக்கும் கருவி ஒன்றை உருவாக்கினார். நாட்டிங்ஹாம் ட்ரென்ட் பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் பென்சிக் அதே கேள்வியை அதிர்வுமானிகளால் ஆராய்ந்து 2011இல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். பட்ரஸுக்குக் கைகொடுத்தவர் இவர்தான். கேட்கும் கருவி மாறியது, கேட்ட கேள்வி ஒன்றே.

சிற்பத்தின் அடித்தளத்தில் சில தூண்கள் உண்டு. மெல்லிய மரக்குச்சி ஒன்றைத் தூணின் துளையில் செருகி, மறுமுனையைப் பல்லால் கடித்துக்கொண்டு காதுகளைப் பொத்திக்கொள்ள வேண்டும். தேனீக்களின் அதிர்வு பல் வழியாக மண்டையோட்டில் ஏறும். ராணியின் நீண்ட குரலும் அறைக்குள்ளிருந்து வரும் பதிலும் அங்கே கேட்கும் ஒலிகளில் அடக்கம். பட்லர் இசைக்கோடுகளில் எழுதிவைத்த அதே குரல்! தேனீக்கள் பெரும்பாலும் அடையின் நடுக்கத்தைக் கால்களால்தான் உணர்கின்றன. எனவே பல்லில் கடித்துக் கேட்பது, அவை கேட்கும் விதத்துக்குக் காற்றுவழி ஒலியைவிட நெருக்கமானது. 40 டன் உலோகமும் மின்சாரமும் செலவழித்து இதைச் செய்வதற்குப் பதில் பூச்செடி நட்டிருக்கலாமே என்ற கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் பெட்டியும் தோட்டமும் இல்லாத நகரவாசிக்கு, ஒரு கூட்டின் உள்வாழ்வு தன் எலும்பில் படுவதற்கு வேறு வழி எது? அறிவிப்புப் பலகையால் அது ஆகாது.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. பெட்டியில் வளரும் தேனீ அழியும் உயிரல்ல. மனிதன் பேணும் கால்நடை. பிரிட்டனில் உள்ள சுமார் 270 வகைத் தேனீக்களில் தேன்பெட்டிக்கு உரியது ஒன்றே ஒன்று. மற்றவை பம்பிள் தேனீக்களும், மண்ணிலும் தண்டுத்துளைகளிலும் தனித்து வாழ்பவையும். ஆபத்து அதிகம் அவற்றுக்குத்தான். இத்தகைய உயிர்களுக்குப் பழந்தமிழ் தும்பி, சுரும்பு, ஞிமிறு என்று பல பெயர்களை வைத்திருந்தது. இன்று நம் பேச்சில் தேன் தரும் ஈ மட்டுமே பெரிதாக நிற்கிறது. மக்களின் மனத்திலும் அப்படித்தான். 'தேனீயைக் காப்போம்' என்ற ஆர்வத்தில் நகரங்களில் பெட்டிகள் பெருகி, காட்டுத் தேனீக்களின் பூவுணவுக்குப் போட்டியாகிவிட்டன என்று 2020இல் எச்சரித்ததும் கியூதான். இந்த மறுப்பை நான் ஏற்கிறேன். காது வைத்துக் கேட்பது வளர்ப்புக் கூட்டோடு பிறந்த பழக்கம்; அந்தக் கூட்டுக்குள் வாழ்வதை மட்டுமே அதற்குக் கேட்கத் தெரியும். அந்தக் குறையைச் சிற்பத்தைச் சுற்றி விதைத்த காட்டுப்பூப் புல்வெளி ஓரளவு ஈடுசெய்கிறது என்பேன். 1930களுக்குப் பின் பிரிட்டன் இழந்த பூம்புல்வெளி 97 சதவீதம். கூட்டுக்குள் நுழைய வருபவர் அந்தப் பூக்களைக் கடந்துதான் வர வேண்டும்.

குட்டை மயிர் பம்பிள் தேனீ ஒரு காலத்தில் தென் இங்கிலாந்தில் பரவலாக இருந்தது. அதற்குப் பெட்டி கட்டியவர் இல்லை, அதன் கூடு பிரிவதைக் காத்திருந்து கேட்டவரும் இல்லை. 1988இல் கென்ட் கடற்கரையின் டஞ்ஜனெஸ்ஸில் கடைசியாகக் காணப்பட்டது. 2000இல் பிரிட்டனில் அற்றுப்போனதாக அறிவித்தார்கள். 2012 முதல் சுவீடனிலிருந்து ராணிகளைக் கொண்டுவந்து டஞ்ஜனெஸ்ஸில் விட்டார்கள். அவற்றுக்காகச் சுற்றுவட்டார விவசாயிகள் வயலோரங்களில் பூக்களை மீட்டார்கள். வந்த ராணிகள் நிலைக்கவில்லை. அந்தப் பூக்களுக்கு வேறு சில அரிய பம்பிள் தேனீக்கள் வந்தன.